முப்பத்தாறாவது படம்

நான்காவது ஆல்பத்தையும் புரட்டிப் போட்டுவிட்டு அவள் ஐந்தாவதைக் கையில் எடுத்தபோது அண்ணன் மறுபடியும் வந்து எட்டிப் பார்த்தான். அவன் கையில் ஒரு கண்ணாடிச் சட்டம் இருந்தது. காலையிலேயே கடைக்காரரை எழுப்பி வாங்கி வந்தது. அதற்குள் வைக்க அப்பாவின் படம்தான் இல்லை.

"கிடைச்சுதா?"

"இல்ல."

"ஒண்ணுகூடவா?"

மருந்துக்குக்கூட இல்லை. நாற்பத்தைந்து வருடம் ஊரையெல்லாம் படம் பிடித்த மனிதர். அம்மா போனபோது நூறு படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு எதை மாட்டுவதென்று சண்டை போட்டார்கள். அப்பாவுக்கு இருந்ததோ ஓட்டுநர் உரிமத்தில் நகம் அளவுக்கு ஒரு முகம். அதிலும் முத்திரை மூக்கின்மேல் விழுந்திருந்தது.

வீட்டு ஆல்பங்களில் அவர் இல்லாமலும் இல்லை. படத்துக்குப் படம் கீழ் ஓரத்தில் தொப்பி போட்ட நிழலாக விழுந்து கிடந்தார். கேமராவைப் பிடித்த முழங்கைகள் இரண்டும் துருத்திக்கொண்டு, இருபுறமும் பிடி வைத்த பாத்திரம் மாதிரி. அவளுடைய முதல் சைக்கிள், அண்ணனின் உடைந்த கை, அம்மாவின் தையல் மிஷின், எல்லாவற்றின் காலடியிலும் அந்த நிழல் கிடந்தது.

"நிழல் விழாம எடுக்கத் தெரியாதவன்லாம் தொழிலுக்கு வரக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்" என்றார் ஃபிளாஷ் மாமா. "கல்யாண வீட்டுல எடுத்தா கச்சிதமா எடுப்பான். சொந்த வீட்டுல மட்டும் இப்படி. கேட்டா, இது என் கையெழுத்துடாம்பான்."

ஃபிளாஷ் மாமா அப்பாவின் தொழில் கூட்டாளி. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் முகத்தில் ஃபிளாஷ் அடித்தவருக்குத் தன்மேல் ஃபிளாஷ் விழுந்தால் கண் மூடிவிடும். அதனால் வந்த பெயர். இப்போது எதுவும் அடிக்காமலேயே கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். தோளில் ஒரு பை. கூடத்தில் அப்பா கிடத்தப்பட்டிருந்த பெட்டியின் பக்கம் போனபோதும் அதை அவர் இறக்கி வைக்கவில்லை.

பைக்குள் பத்தொன்பது ரோல் ஸ்லைடு ஃபிலிம் இருந்தது. அந்த ஃபிலிமைக் கம்பெனி நிறுத்தி வருடங்கள் ஆகிவிட்டன. அதைக் கழுவத் தெரிந்த லேப் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அதுவும் இந்த வாரத்தோடு மூடுகிறது. வேறெங்கும் கொடுத்துக் கழுவ முடியாது. நிறம் ஃபிலிமில் இல்லை, அந்த லேபின் தண்ணீரில்தான் இருக்கிறது என்பார் அப்பா. இன்று மாலை ஆறு மணிப் பார்சலில் போகாத ரோல் இனி எந்தக் காலத்திலும் படமாகாது. பழைய ஆட்கள் ஆளுக்கு ஒன்றிரண்டாகப் பதுக்கி வைத்திருந்த கடைசி ரோல்களை எடுத்து முடித்து மாமாவிடம் கொடுத்திருந்தார்கள்.

"ஒருத்தன் அவன் வீட்டு மாடிப்படியையே முப்பத்தாறு தடவை எடுத்திருக்கான். கடைசியா எதை எடுக்கறதுன்னு புரியலையாம்" என்றார் மாமா. பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்கப்பனோட ரோல் எங்கம்மா?"

"கேமராவுலதான் இருக்கு. ஒண்ணு மிச்சம்."

"அதுல அப்பாவையே எடுத்துடேன்" என்றான் அண்ணன். "இந்தச் சட்டத்துக்காவது ஆகும்."

"கண்ண மூடிப் படுத்திருக்கறவரையா?"

அண்ணன் சட்டத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் போனான்.

அவன்மேல் கோபித்து என்ன? கோபமெல்லாம் அவளுக்குத் தன்மேல்தான். நேற்று நாலு மணிக்கு அப்பா வந்து அவள் கதவைத் தட்டினார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வேலை பார்த்துவிட்டு அடித்துப் போட்டதுபோல் கிடந்தாள்.

"ஒரே ஒரு படம் இருக்கும்மா. வெயிலு நல்லா விழுது. நான் உட்கார்றேன், நீ வந்து ஒரு அழுத்து அழுத்திட்டுப் போ."

"நாளைக்கு எடுக்கலாம்ப்பா."

"நாளைக்கா? சரி, தூங்கு."

ஆறு மணிக்கு எழுந்து அவர் அறைக்குப் போய்ப் பார்த்தபோது அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. முகம் தெரியட்டும் என்று தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். எதிரே ஸ்டாண்டில் கேமரா. அவர் கண் அதையே பார்த்திருந்தது. ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேருக்குச் செய்ததுபோல் அந்தக் கண்களை மூடிவிட்டாள்.

கேமராவைப் பிறகுதான் கவனித்தாள். செல்ஃப் டைமரின் சின்ன முள் பாதி வழியில் நின்றிருந்தது. எப்போதோ பழுதானது, நம்பக்கூடாது என்று அவரே சொல்வார். அடுத்த படத்துக்குச் சுற்றும் லிவரைத் தொட்டாள். நகரவில்லை. அப்படியென்றால் ஷட்டர் திறக்கவே இல்லை. டைமரை வைத்துவிட்டு, போய் உட்கார்ந்து, தாடையைத் தூக்கிக் காத்துக்கொண்டே இருந்திருக்கிறார். அந்த அறைக்குள் யாரும் போகக்கூடாது என்று அவள் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது.

மூன்றரைக்கு வண்டி வந்தது. பெட்டியை மூடுவதற்கு முன் தொப்பியை அவர் கைக்கடியில் வைத்தாள். "அது எதுக்கு?" என்று யாரோ கேட்டார்கள். அது இல்லாமல் அவர் வெளியே போனதில்லை என்றாள்.

பெட்டியை வாசலுக்குத் தூக்கும்போது மாமா அவள் காதருகே வந்தார். "ரோலைச் சுத்தி எடுத்துட்டு வந்துடும்மா. நான் அங்கேருந்து நேரா பார்சலுக்குப் போயிடுவேன். ஒண்ணு வீணாப் போனாப் போகட்டும், மத்த முப்பத்தஞ்சு தப்பட்டும்."

அவள் அறைக் கதவைத் திறந்தாள். கேமராவுக்குப் பின்னால் இருந்த ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக இறங்கி, நாற்காலியின் கால்வரை வந்திருந்தது. நேற்றைய அதே வெயில். தரையில் ஸ்டாண்டின் மூன்று கால்களின் நிழல் மட்டும் நீண்டு கிடந்தது.

கதவோரத்திலிருந்து ஓர் அடி எடுத்து வைக்கப் போனாள். அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

ஜ்ஜ்ஜ் என்று, கண்ணாடிச் சீசாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி. கேமராவில் பாதியில் நின்றிருந்த முள் நகர்ந்துகொண்டிருந்தது.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடிப் போய் நாற்காலியில் உட்காரலாம். அண்ணனைக் கூப்பிடலாம். பெட்டி இன்னும் வாசலில்தான் இருக்கிறது. எதுவும் செய்யாமல் கதவோடு ஒட்டி நின்றாள். சின்ன வயதிலிருந்து கேமராவில் எந்தச் சத்தம் கேட்டாலும் அவளுக்கு ஒன்றுதான் தெரியும். அசையக்கூடாது.

சத்தம் நின்றது. க்ளிக்.

ரோலைச் சுற்றி எடுத்து மாமாவிடம் கொடுத்தபோது, "டைமர் தானா ஓடிச்சு மாமா" என்றாள்.

மாமா கண்ணை மூடித் திறந்தார். "பழைய மிஷின்மா. வெயில்ல கொஞ்சம் சூடானா, உள்ள இறுகிக் கிடக்கறது இளகிக்கும்." சொல்லிவிட்டு ரோலைப் பையில் போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஐந்து வாரம் கழித்து ஒரு மாலையில் மாமா ஸ்லைடுப் பெட்டியோடு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. "நான் பாத்துட்டேன். நீங்க ரெண்டு பேரும் பாருங்க" என்று மேசைமேல் வைத்துவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

அண்ணனும் அவளும் அப்பாவின் அறைக்குப் போய், ஜன்னல் வெளிச்சத்தில் ஸ்லைடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார்கள். கொடியில் காயும் சிவப்புத் துண்டு. அவ்வளவு சிவப்பை அவள் கண்ணால் பார்த்ததில்லை. சொட்டும் குழாய். அண்ணன் மறந்துவிட்டுப் போன குடை. வேலைக்குக் கிளம்பும் அவள் முதுகு, ஏழு தடவை. ஒன்றிலாவது கூப்பிட்டிருக்கலாம், திரும்பியிருப்பேனே என்று நினைத்தபடி அடுத்ததை எடுத்தாள். எல்லாவற்றின் கீழ் ஓரத்திலும் தொப்பி வைத்த நிழல்.

முப்பத்தாறாவதை அண்ணன்தான் முதலில் எடுத்தான். வெகுநேரம் பார்த்தான்.

"நீ அப்ப எங்க நின்ன?"

"கதவுகிட்ட."

"உள்ள வேற யாரு இருந்தா?"

அவள் வாங்கிப் பார்த்தாள். காலி நாற்காலி. அதன்மேல் சாய்ந்த வெயில். தரையில் ஸ்டாண்டின் மூன்று கால் நிழல். அதற்கு நடுவே, தொப்பியோடு, இரண்டு முழங்கைகளும் துருத்திக்கொண்டு, இன்னொரு நிழல்.

அறையில் எதையும் யாரும் நகர்த்தியிருக்கவில்லை. ரோல் இல்லாத கேமரா அதே ஸ்டாண்டில், அதே நாற்காலியைப் பார்த்தபடி நின்றது. மணி நாலு ஆகியிருந்தது.

அவள் ஸ்லைடைப் பெட்டியில் வைத்துவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள். கேமராவைப் பார்த்துத் தாடையைக் கொஞ்சம் தூக்கினாள்.

ஜன்னலுக்கு முன்னால் நின்றிருந்த அண்ணன், வெளிச்சத்தை மறைக்காமல் ஒதுங்கி நின்றான்.