தனியாக நின்ற ஸ்க்ரூ

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அக்கா வருவாள். திங்கள் காலை விமானம் ஏறிவிட்டால் மூன்று வருஷத்துக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியாது. ஆகவே எஸ்பிரெஸோ காப்பி மெஷின் அதற்குள் பிழைத்து எழுந்தாக வேண்டும்.

காரணம் ஒரு பழைய ஒப்பந்தம். விடுதி அறையில் அக்காவும் தங்கையும் ஒரே வெளிநாட்டு நாவல்களை முறை வைத்துப் படித்த காலத்தில், அந்தக் கதைகளில் யாராவது ஒருவர் ரயில் நிலையத்தில் நின்றபடியே விரலளவு கப்பில் கறுப்புக் காப்பி குடிப்பார். குடித்த கையோடு வாழ்க்கையையே மாற்றிக்கொள்வார். யாருக்கு முதலில் தனி வீடு அமைகிறதோ, அவள் மற்றவளுக்கு அந்தக் காப்பியைப் போட்டுத் தர வேண்டும். அதுவரை இருவரும் வெளியே எங்கும் குடிக்கக் கூடாது. பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. பிடிவாதத்தில் இருவரும் ஒரே அச்சு.

தங்கை இப்போது பள்ளியில் பூகோள டீச்சர். மூடிப்போன பேக்கரி ஒன்றின் சாமான்களுக்கிடையே கிடந்த மெஷினைப் போர்வையில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அவள் கணவன் மருந்துக்கடை வைத்திருப்பவன். எட்டிப் பார்த்துவிட்டு, "ஆள் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாச்சு போல" என்றான்.

எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றியதும் பாய்லருக்குள்ளிருந்து வெள்ளையடிக்கும் சுண்ணாம்பாகத் தண்ணீர் வந்தது. பாய்லரும் காப்பி இறங்கும் தலைப்பகுதியும் சேரும் இடத்திலிருந்த ரப்பர் வளையம் கல்லாகிப் போயிருந்தது. கோணி ஊசியால் துண்டு துண்டாகப் பெயர்த்தாள். புது வளையம் போட்டாள். வலது ஓரத்தில் ஒழுகியது. இன்னொரு வளையம் போட்டாள். அதே ஓரம், அதே ஒழுகல்.

ஞாயிறு காலை எல்லாவற்றையும் மறுபடி பிரித்தாள். கழற்றிய வரிசை மாறாமல் ஸ்க்ரூக்களைச் செய்தித்தாளில் அடுக்கிவிட்டுக் குளிக்கப் போனாள். ஈரத்தலையோடு வந்து பார்த்தால் செய்தித்தாள் மட்டும்தான் இருந்தது.

"என்னங்க! இங்க இருந்ததெல்லாம் எங்க?"

"எல்லாம் சிதறிக் கிடந்துச்சேன்னு ஒழுங்குபடுத்தி வச்சேன்" என்றான் அவன் பெருமையாக. மேஜைமேல் மருந்துக் கவர்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் அவனுடைய குண்டுக் கையெழுத்து: குட்டை ஆறு. நடுத்தரம் மூன்று. நெட்டை ஒன்று.

"உங்களை யாரு தொடச் சொன்னா? எது எங்க போகும்னு இப்ப எனக்கு எப்படித் தெரியும்? நாலு மணிக்கு அக்கா வந்துடுவா!"

அவன் முகம் சுருங்கிப்போனது. "சரிம்மா, தப்புதான். ஆனா ஒரு சந்தேகம். இந்த நெட்டை மட்டும் ஏன் தனியா நிக்குது? மத்ததுக்கெல்லாம் துணை இருக்கே."

அவள் திட்டுவதற்குத் திறந்த வாயை மூடினாள். தலைப்பகுதியைப் பாய்லரோடு சேர்த்துப் பிடிப்பவை நாலு ஸ்க்ரூ. நாலும் ஒரே நீளம் இருக்க வேண்டும். நடுத்தரம் மூன்றுதான் இருந்தது. நெட்டையை எடுத்து வலது ஓரத் துளையில் விட்டுப் பார்த்தாள். அதன் நுனி அடியில் போய் முட்டி நின்றது. ஸ்க்ரூவின் தலைக்கும் இரும்புக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி. பேக்கரியில் யாரோ தொலைந்துபோன ஸ்க்ரூவுக்குப் பதிலாகக் கைக்குக் கிடைத்ததைப் போட்டிருக்கிறார்கள். முறுக்கும்போது இறுகியதுபோல் பாசாங்கு செய்துகொண்டு, அது எதையும் பிடிக்காமலே இருந்திருக்கிறது.

"என்னங்க," என்றாள், "உங்களைக் கட்டிக்கிட்டது வீண்போகலை."

"இப்பதான் தெரியுதாக்கும்!"

ஞாயிற்றுக்கிழமையில் இரும்புக்கடை ஏது? மாடிவீட்டில் அரம் இரவல் வாங்கி, நடுத்தரத்தின் நீளத்துக்கு வரும்வரை நெட்டையைத் தேய்க்க ஆரம்பித்தார்கள். அது லேசில் அசைந்து கொடுக்கவில்லை. பாதிகூடத் தேயவில்லை, அழைப்புமணி அடித்தது. அக்கா! அரை மணி நேரம் முன்னதாகவே, பயணத்துக்கென்று வாங்கிய புதுச் சட்டையில்.

"என்னடி வாலு, காப்பின்னு கூப்பிட்டுட்டுக் கொல்லுப் பட்டறை நடத்துற?"

"வாயை மூடிக்கிட்டு இந்தக் குறட்டைப் பிடி, அக்கா."

அக்கா பிடித்தாள். புதுச் சட்டையெல்லாம் இரும்புத்தூள். "நாலு மணிக்குக் காப்பி வரலைன்னா மருந்துக்கடை மாப்பிள்ளை எனக்கு இருமல் மருந்துதான் ஊத்தணும்" என்றாள். கணவன் சிரித்ததில் அரம் நழுவிக் கீழே விழுந்தது.

நாலரைக்கு எல்லாம் பூட்டி முடிந்தது. தங்கை சுவிட்சைப் போட்டாள். சூடேறியதும் காப்பித்தூள் போட்டு, கப்பை அடியில் வைத்துப் பொத்தானை அழுத்த, மெஷின் உறுமியது. மூன்று பேரும் மண்டிபோட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வலது ஓரத்தையே பார்த்தார்கள். ஒரு சொட்டு இல்லை. இன்னும் பார்த்தார்கள். ஒரு சொட்டுகூட இல்லை!

"ஒழுகலைடி!" என்று கத்தி அக்கா அவளைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, கப்பு!" என்றான் கணவன்.

அதுவரை கப்பை யாரும் பார்க்கவில்லை. அது எப்போதோ நிரம்பி, மேஜையெல்லாம் ஓடி, செய்தித்தாளை நனைத்துக்கொண்டிருந்தது. அறை முழுக்க வறுத்த வாசனை.

அக்காதான் முதலில் குடித்தாள். கண்ணை மூடினாள். தங்கை அவள் முகத்தையே பார்த்தாள்.

"கசக்குதுடி," என்றாள் அக்கா.

தங்கை வாங்கி ஒரு மிடறு குடித்தாள். "ஆமா. பயங்கரமா கசக்குது."

"இதைக் குடிச்சுட்டா அந்தக் கதையில வர்றவங்க எல்லாம் வாழ்க்கையை மாத்திக்கிட்டாங்க?"

"கசப்பு தாங்காம ஓடிப்போயிருப்பாங்க."

சிரித்துச் சிரித்து இருவருக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. மருந்துக்கடைக்காரன் சர்க்கரை டப்பாவைத் தேடப் போனான். அதை எந்த ஒழுங்கில் எங்கே வைத்தான் என்பது அவனுக்கே மறந்துபோயிருந்தது.

அக்கா மிச்சத்தையும் வாங்கிக் குடித்துவிட்டுக் காலிக் கப்பை நீட்டினாள்.

"இன்னொண்ணு போடு. இந்தத் தடவை கப்பை நான் பார்த்துக்கிறேன்."