நாற்பது சொட்டு

சாந்திமதி பிடிவாதக்காரி. குழாய்த் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டாமல் ஒரு சொம்புகூடப் புழங்கமாட்டாள். திருப்பருத்திக்குன்றத்துச் சமண நயினார் வீட்டுப் பெண். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர் இருக்கும், அதைக் கொன்ற பாவம் நமக்கெதற்கு என்று பழகிய கை. அது சரி. குளோரின் முறிய மீன் தொட்டித் தண்ணீருக்கு விடும் மருந்திலும் அந்தக் கையை வைத்தாளே, அங்கேதான் வந்தது வினை!

லிட்டருக்கு இரண்டு சொட்டு என்று புட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. இவளோ எந்த உயிரைக் கொல்லுமோ என்று பயந்து எப்போதும் பாதிதான் விடுவாள். இத்தனை நாள் எப்படியோ ஓடிவிட்டது.

மகள் யாழினி வேலைக்கென்று புனே போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அவள் விட்டுப்போனதுதான் அந்தத் தங்கமீன். புருஷனும் போய்ச் சேர்ந்துவிட்ட வீட்டில் மூச்சு விடுவது இவளும் அந்த மீனும் மட்டுமே. மீன் சாப்பிட்டது, மீன் விளையாடுகிறது என்று தினமும் மகளுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவாள். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வரும். மீனும் இல்லையென்றால் எதைச் சொல்லிப் பேசுவாள், பாவம்?

இன்று காலை அரைத் தொட்டித் தண்ணீர் மாற்றினாள். குழாயில் பிளீச்சிங் நெடி மூக்கைத் துளைத்தது. பத்தே நிமிடம், மீன் மேலே வந்து வாயைப் பிளந்தது. மகளுக்கு போன் போட்டாள். எடுக்கவில்லை. மீனும் தொட்டியும் வாங்கிய கடைக்குப் போட்டாள்.

"வாயத் தொறந்துக்கினே இருக்குதுபா!"

"மருந்து எவ்ளோமா விட்டீங்க?" என்றார் கடைக்காரர் ஜெபகுமார்.

"பத்து லிட்டர் வாளிக்குப் பத்து சொட்டு. துணியில மூணு வாட்டி வடிகட்டுனேன்பா!"

"அய்யோ, குளோரின் துணியில நிக்குமாமா? நேத்து மழை பேஞ்சதால பிளீச்சிங் தூக்கலா போட்டிருப்பாங்க. பாதி மருந்து எப்படிப் பத்தும்? இப்போ தொட்டி முழுசுக்கும் கணக்குப் பண்ணி விடுங்க. இருபது லிட்டர், நாப்பது சொட்டு. கூடவும் வேணாம், குறையவும் வேணாம். இனிமே வாளியிலயே சரியா விட்டுக் கலக்கிட்டு ஊத்துங்க."

வாய்விட்டு எண்ணினாள். அந்த வீட்டில் அவ்வளவு உரக்க அவள் குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. இருபத்தேழில் போன் அடித்தது. யாழினி! அவள் தானாகக் கூப்பிட்டதை விரல்விட்டு எண்ணிவிடலாம். எடுத்தால் எண்ணிக்கை தப்பிப்போகும். இருபத்தெட்டு, இருபத்தொன்பது. மணி ஓய்ந்தது. நாற்பதையும் விட்டு முடித்தாள்.

அரை மணி நேரம் கழித்து மீன் மெல்லக் கீழே இறங்கி வாலை ஆட்டியது. அழுகையும் சிரிப்புமாக மகளைக் கூப்பிட்டாள்.

"மீன் பொழச்சிடுச்சு யாழி!"

"எந்த மீன்மா? நான் விட்டுட்டு வந்ததா? அது இன்னுமா இருக்குது?"

தினமும் பேசி அனுப்பியதில் ஒன்றைக்கூட அவள் கேட்டிருக்கவில்லை. சாந்திமதி தொட்டிக் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டாள்.

"இருக்குதும்மா. நாங்க ரெண்டு பேருமே இருக்கோம்."