ஓட்டை இல்லாத மூடி

என் வீட்டுக்காரர் நிலவனுக்கு ஜீப் என்றால் உயிர். கன்டெய்னர் யார்டில் வேலை பார்த்துச் சேர்த்ததை எல்லாம் போட்டு, போன வருஷம் ஒரு பழைய ஜீப்பை வாங்கி வந்து வியாசர்பாடி வீட்டு வாசலில் நிறுத்தினார். மலை ஏறுமாம், மணலில் போகுமாம். எங்கள் தெருவில் மலையும் கிடையாது, மணலும் கிடையாது. வண்டிக்குக் கூரை என்று இருந்தது ஒரு ரெக்சின் துணி. அதுவும் இரண்டு பக்கமும் கிழிந்து காற்றில் படபடத்துக்கொண்டிருக்கும்.

எங்கள் மகள் மதிக்கு இழுப்பு. எண்ணூர் ரோட்டில் ஒரு லாரிக்குப் பின்னால் போய் வந்தாலே போதும், அவள் நெஞ்சு விசில் அடிக்கும். அதனால் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டேன். மழைக்காலத்துக்குள் தூசியும் தண்ணீரும் புகாத கெட்டி மூடி வண்டிக்கு வரவேண்டும். வரவில்லையென்றால் ஜீப் வாசலை விட்டுப் போகவேண்டும். அன்றிலிருந்து மனிதர் போனிலேயே குடியிருந்தார். புது மூடி வாங்க எங்களுக்கு வக்கில்லை. கடைசியில் திருவொற்றியூரில் ஒரு பழைய பைபர் ஹார்ட்டாப், அதாவது கெட்டி மூடி, விலைக்கு இருப்பதாகக் கண்டுபிடித்தார். வேண்டும்போது மாட்டலாம், வேண்டாதபோது கழற்றலாம். முன்பக்கமாக எடுத்த ஒரே ஒரு படம். அதைக் காட்டிக் காட்டியே என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

ரயில் பாதையைத் தாண்டி, கால்வாயை ஒட்டி ஒரு சந்து. ஜீப் நுழைந்ததும் இரண்டு பக்கச் சுவரும் கைக்கு எட்டியது. வீட்டுக்கார அம்மா பெயர் சுகிர்தம். தெற்கத்திக்காரர்கள். தண்டையார்பேட்டையில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார்கள். வீட்டுப் பக்கவாட்டில் செங்கல்மேல் அந்த வெள்ளை மூடி உட்கார்ந்திருந்தது.

"அவிய கடைக்குப் போயிருக்காவ. நீங்க பாத்துக்கிடுங்க," என்றார் அந்த அம்மா, தன் வீட்டுக்காரரைச் சொல்லி. "ஆனா உங்களுக்கு இது சரிப்படும்னு எனக்குத் தோணல."

விற்கிறவர் பேசுகிற பேச்சா இது? தன் சரக்கைத் தானே மட்டம் தட்டும் வியாபாரியை நான் அதுவரை பார்த்ததில்லை. இதில் என்ன தந்திரமோ என்று உஷாரானேன்.

நிலவன் வீடியோ பார்த்துப் படித்துவிட்டு வந்திருந்தார். விரல் முட்டியால் நாலு பக்கமும் தட்டினார், காதை வைத்துக் கேட்டார். விரிசல் இல்லை, ஓசை கெட்டியாக இருக்கிறது என்று முகம் மலர்ந்தது. பிறகு எம்பிக் கூரையைப் பார்த்தார். மலர்ந்த முகம் சுருங்கிப்போனது.

"ராஜாத்தி, இங்க வந்து பாரு. மேல பூரா கீறல் கீது. கூரைல கீறல் இருந்தா இன்னா அர்த்தம் தெர்தா?"

"இன்னா?"

"வண்டி குப்புற வுழுந்துகீது."

உயிர் போன வண்டியின் மூடியைக் கொண்டுவந்து என் பிள்ளை தலைக்குமேல் வைப்பேனா? மனதில் வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை. நேராகவே கேட்டேன்.

"யம்மா, இந்த வண்டில யாராவது செத்தாங்களா?"

"ஐயோ, என்ன பிள்ள இப்படிக் கேக்க! அவிய ஒரு நாளும் வண்டியக் கவுத்தது இல்ல."

"அப்ப கீறல் எப்டி வந்துச்சு?"

"அது தெருவுல இழுத்தது."

"கூரைய இன்னாத்துக்கு தெருவுல இழுத்தீங்க?"

அந்த அம்மா தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய்விட்டார்.

நிலவனும் குழம்பிப்போனார். கவிழ்ந்த வண்டி என்றால் மூலை நசுங்கியிருக்கும், இதில் ஒரு மூலைகூடக் கசங்கவில்லை என்று தானே சொல்லிக்கொண்டார். அப்புறம் சட்டையைக் கழற்றிவிட்டுக் கீழே படுத்தார். மூடியின் அடி விளிம்பில் வரிசையாக ஓட்டை இருக்குமாம், அதில்தான் போல்ட் போட்டு வண்டியோடு முடுக்குவார்களாம். அவர் கை விளிம்பு பூராவும் தடவிக்கொண்டே போய், திரும்பி வந்து, மறுபடியும் போனது.

"ஓட்டையே இல்ல, மே."

"நல்லா பாருய்யா."

"அட, ஒண்ணுகூட இல்ல. எல்லாத்தையும் அடைச்சிகீறாங்க. ஜன்னலையும் பைபர் போட்டு அடைச்சிகீது. பின்னாடி கண்ணாடி இருக்கவேண்டிய எடத்துலயும் பைபரு. போல்ட்டு போடாம இத்த எப்டி ஓட்னாரு அந்த மன்சன்? ரோட்டுல பறந்து பூடுமே!"

அது மட்டுமா? கூரைக்குக் கொஞ்சம் கீழே, சுற்றிலும் கறுப்பாக ஒரு கறை. நகத்தால் சுரண்டினேன், தார் மாதிரி ஒட்டியது. வெள்ளத்தில் நின்ற வண்டி என்று சொன்னால் நம்பலாம். ஆனால் வெள்ளக் கறை கீழேயிருந்து ஏறிவரும். இங்கே அடிப்பக்கம் பால் போல இருக்கிறது, உச்சிதான் கறுத்திருக்கிறது. உள்ளே தலையை விட்டுப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. கூரை மட்டும் எப்படி வெள்ளத்தில் நனையும்? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. புரியாவிட்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

சுகிர்தம் அம்மா சொம்போடு வந்தார். வந்தவர் சுவரில் சாய்த்திருந்த ஒரு நீளப் பலகையைக் காட்டினார்.

"வாங்கினா அந்தப் பலகையும் சேத்துதான் எடுத்துக்கிடணும். பலகை இல்லாம தரமாட்டேன்."

"பலகையா? ஜீப்பு மூடிக்கு எதுக்கும்மா பலகை?" என்றார் நிலவன், கிட்டத்தட்ட அழுகிற குரலில்.

"யோவ், வாய்யா போலாம்," என்றேன். "எல்லாம் சேர்ந்து நம்பள லூசாக்குறாங்க."

எதிர் வீட்டிலிருந்து ஒருத்தர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். பெயர் வெற்றி, காசிமேட்டில் பைபர் படகு செய்கிறவர் என்று சுகிர்தம் அம்மா சொன்னார்.

"இன்னா மாமு, ரொம்ப நேரமா ஓட்டைய தேடிக்கினு கீற?"

"எவன்யா அடைச்சான் இத்த?"

"நான்தான். கைய புடி, திருப்பலாம்."

இருவரும் சேர்ந்து மூடியைத் தூக்கி மல்லாக்கப் போட்டார்கள். கூரை தரையில் இருந்தது. முன்பக்கம் மட்டும் அடைப்பில்லாமல் திறந்திருந்தது. வெற்றி அந்தப் பலகையைக் கொண்டுவந்து அங்கே வைத்துத் தட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது.

எங்கள் முன்னால் ஒரு படகு கிடந்தது.

"அந்த டிசம்பர் மழைல, கால்வா பொங்கி கம்பெனி எண்ணெ கலந்த தண்ணியா வந்துச்சு பாரு, அப்போ," என்றார் வெற்றி. "பெரிய போட்டெல்லாம் மெயின் ரோட்டோட நின்னுடிச்சு. சந்துக்குள்ள பூரல. இவங்க மொட்ட மாடில இத்த கழட்டி வச்சிருந்தாங்க. என் வூட்ல பைபர் ஒட்ற ரெசின் இருந்துச்சு. மாடிலயே வச்சு ஓட்டைலாம் அடைச்சு, கவுத்துப் போட்டு தண்ணில வுட்டோம். இந்த சந்து பூரா இதுலதான் வெளிய வந்துச்சு. நடக்க முடியாத பெருசுங்க, கைப்புள்ள, ஆடு, கேஸ் சிலிண்டரு, எல்லாம். தண்ணி கொறையற எடத்துல தரதரன்னு இழுத்துக்கினு போனோம். அந்தக் கீறல்தான் இது."

கறுப்புக் கறையைத் திரும்பிப் பார்த்தேன். தலைகீழாகப் போட்டதும் அது சரியான இடத்தில் இருந்தது.

"இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னாமா?" என்று சுகிர்தம் அம்மாவிடம் பாய்ந்தேன்.

"வண்டிதான் தண்ணியில வீணாப்போச்சே, மூடி என்னத்துக்கு, வித்துருன்னு அவிய சொல்லுதாவ," என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டு. "எனக்கு மனசில்ல. அவிய பேச்சையும் தட்ட முடியல. வாரவங்ககிட்ட எல்லாம் சரிப்படாதுன்னு சொல்லி அனுப்பிட்டு இருக்கேன். ஏம்மா, அந்த ஓட்டையத் தொறக்காம உங்க வண்டியில மாட்ட முடியுமா? முடிஞ்சா எடுத்துக்கிடுங்க. மழைக்கு மட்டும் கொண்டாந்து தந்துருங்க."

மழைக்குத்தானே எனக்கும் வேண்டும்! வாய் வரைக்கும் வந்த பேச்சு அங்கேயே நின்றது. அக்கம்பக்கத்து வாசல்களில் பெண்கள் வந்து நின்றிருந்தார்கள். எல்லார் கண்ணும் மூடிமேல் இருந்தது, பிறகு என்மேல் இருந்தது. அவர்கள் வீட்டுச் சுவரில் என் தோள் உயரத்துக்கு அதே கறுப்புக் கோடு இருந்தது. எத்தனை வெள்ளை அடித்தும் போகவில்லை போல.

அதே மழைதான் எங்கள் தெருவிலும் பெய்தது. மாடிப்படியில் மதியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஈரத்தில் அவள் நெஞ்சு கிழிவது போலச் சத்தம் போட்டது. படகு வரும், படகு வரும் என்றார்கள். தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் நிலவன்தான் அவளைத் தோள்மேல் வைத்து, நெஞ்சளவு தண்ணீரில் நடந்தார். சாக்கடையும் தெருவும் தெரியவில்லை. அவர் கால் ஒரு தடவை சறுக்கியது. அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை, அவரிடமும்கூட.

"தம்பி," என்றேன் வெற்றியிடம். "இத்த அச்சா வச்சு இன்னொண்ணு செய்ய முடியுமா?"

"போட்டே அப்டித்தான யக்கா செய்றோம். மெழுகு பூசி மேல பைபர் போட்டா, காஞ்சதும் கழண்டு வந்துரும். இவங்களுது இங்கயே இருக்கட்டும்."

சுகிர்தம் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். நிலவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்தார், டேப்பை எடுத்தார்.

"சூப்பர் மாமு! போல்ட்டு ஓட்டை எங்கங்க வரணும்னு நான் மார்க் பண்ணி தரேன். அப்புறம் ரெண்டு ஜன்னலு..."

"ஜன்னலுக்குக் கண்ணாடிய வச்சு ஒட்டிடு தம்பி, தொறக்கவே வேணாம்," என்றேன். "போல்ட்டு ஓட்டையும் வேணாம்."

"இன்னாமே சொல்ற? அப்ப வண்டில எப்டி மாட்றது?"

"கிளாம்ப் போடு. கயிறு கட்டு. இன்னாவோ பண்ணு. ஓட்டை மட்டும் வேணாம்."

"நாம மூடி வாங்க வந்தோமா, படகு வாங்க வந்தோமா? எனக்கு ஒண்ணுமே பிரியல."

"நம்ம தெருவுக்கும் அன்னிக்கு படகு வரலய்யா," என்றேன்.

நிலவன் பென்சிலைப் பாக்கெட்டில் திரும்ப வைத்தார். பிறகு டேப்பை நீட்டி, அந்தப் பலகையை அளக்க ஆரம்பித்தார்.