கமாண்டர் மூழ்கடித்தவர்கள்

கமாண்டர் கலியமூர்த்தி மூழ்கடித்த கப்பலின் மாலுமிகள் பதினொரு பேர், 1984 ஆகஸ்ட் பதினாறாம் தேதி காலை எட்டேகால் மணி மின்சார ரயிலில் பட்டாபிராம் வந்து இறங்கினார்கள். சொட்டச் சொட்ட நனைந்திருந்தவர்கள் வழி கேட்டுக்கொண்டு நேரே அவர் வீட்டுக்கு வந்தார்கள். கதவைத் திறந்த அவர் மனைவி நாகவல்லிக்கு ஆச்சரியத்தைவிட எரிச்சல்தான் வந்தது. எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையில் கணவரின் கப்பல் கடைசிவரை உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டிருந்தது என்பது ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். முந்தின நாள் நலச்சங்கத்துக் கொடியேற்றத்தில், கைதட்டல் போதாமல், மனிதர் வாயாலேயே ஒரு கப்பலை மூழ்கடித்துவிட்டார். எந்த நாட்டுக் கப்பல் என்று சொல்லாமல் விட்டதால் வந்தவர்களுக்கும் சொந்த நாடு தெரியவில்லை. நாகவல்லி ஆளுக்கொரு துண்டு கொடுத்து, உலை வைத்தாள்.

கைதட்டல் ருசி லேசில் விடுமா? வருஷத்துக்கு ஒரு கப்பல் முழுகியது. மறுநாள் அதே ரயிலில் பதினொரு பேர் வந்தார்கள். கமாண்டருக்குக் கடல் சிங்கம் என்று பட்டம் கிடைத்தது. மாலுமிகளுக்கு ரேஷன் கார்டும், ஓட்டும், அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலையும் கிடைத்தன. எந்த வெயிலிலும் அவர்கள் உலராததால் வெல்டிங் பட்டறைகளில் மட்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. மாவு விற்கும் குப்பம்மாவின் மகள் பத்மா, மூன்றாவது கப்பல்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். லட்சுமணன் என்று அவனுக்குப் பேர் வைத்தவள் நாகவல்லி.

தொண்ணூற்றொன்றில் கமாண்டருக்கு நெஞ்சுவலி வந்தது. பொய்யோடு சாகப் பயந்து, இந்தக் கொடியேற்றத்தில் உண்மையைச் சொல்லிவிடப் போவதாக அறிவித்தார். ஏழு வருஷமாக அதற்குத்தான் மன்றாடிக்கொண்டிருந்த நாகவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் எந்தக் கப்பலையும்..." என்று அவர் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்தபோது, வாசலில் நின்றிருந்த லட்சுமணனின் வலது கை முழங்கைவரை கடிகாரத்தோடு காணாமல் போனது. பத்மாவுக்கு அப்போது ஏழு மாசம்.

"நீ இன்னா வேணா சொல்லிக்கோ நைனா," என்றாள் அவள். "இவுரு இல்லாங்காட்டி எனக்கு யாரு கீறாங்க?"

கொடியேற்ற மேடையில் கமாண்டர் மைக்கைப் பிடித்துக்கொண்டு லட்சுமணனின் காலிச் சட்டைக்கையைப் பார்த்தார். பெண்கள் பக்கத்திலிருந்து நாகவல்லி எழுந்தாள்.

"எட்டு கப்பல்னு சொல்லுய்யா."

எட்டு என்றார். கை கடிகாரத்தோடு திரும்பி வந்தது.

அடுத்த தை மாதம் அவர் பொய்யோடுதான் செத்தார். பிள்ளையில்லாத மனிதரைத் தோள் மாற்றித் தூக்கிப்போக எண்பத்தெட்டு பேர் இருந்தார்கள். பிணம் போன பிறகு தெருவுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டியிருக்கவில்லை.