பச்சைக் கோடு போன பக்கம்

சுரங்கத்தின் கடைசியில் ஒரு களிமண் சுவர். பாறைக்குள் கையகலத்துக்குப் பச்சையாக ஓடி வந்த செம்புத்தாதுக் கோடு, அங்கே கத்தியால் நறுக்கியதுபோல நின்றுபோனது. அட்டகாமா பாலைவன மலைகளில் இது புதிதில்லை. என்றோ பூமி அதிர்ந்து, பிளந்து, மலையின் ஒரு பாதி பக்கவாட்டில் நகர்ந்திருக்கும். மிச்சக் கோடும் அதோடு போயிருக்கும். எந்தப் பக்கம்?

பழைய ஆட்கள் இடப்பக்கம் கொஞ்ச தூரம் குடைந்து பார்த்து, ஒன்றும் கிடைக்காமல் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் விட்டதைச் சுரண்டித்தான் சுனில்தாவும் அவள் புருஷன் எர்மோகனெஸும் இத்தனை நாள் பிழைத்தார்கள். அதுவும் தீர்ந்தது. இருக்கிற வெடி ஒரு பக்கத்துக்குத்தான் காணும். தாது கிடைக்காவிட்டால் மலையைவிட்டு இறங்கி கோபியாப்போ ஊரோடு போய்விடுவதென்று எர்மோகனெஸ் பெண்டாட்டிக்கு வாக்குக் கொடுத்திருந்தான். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் ஊர். கல்யாணமான நாளிலிருந்து அவள் அதைத்தான் கேட்டாள்.

சுனில்தா சுவரை உள்ளங்கையால் தடவினாள். கை வழுக்கிக்கொண்டு போகிற பக்கம்தான் மலை போன பக்கம் என்பார்கள். வலப்பக்கம் வழுக்கியது. மறுபடி தடவினால் இடப்பக்கமும் வழுக்குகிற மாதிரி இருந்தது.

"என்னடி, பூனையைத் தடவுற மாதிரி தடவிட்டே நிக்கிற?"

"வலப்பக்கம்னு தோணுதுய்யா."

"அப்போ இடப்பக்கம் குடைஞ்சவங்க முட்டாளா? அவங்க மலையையே மோந்து பார்த்து வெட்டுன ஆளுங்க."

"நீதான் மோந்து பாரேன். மூக்கு பெருசாத்தானே இருக்கு."

அவன் சிரித்துவிட்டான். "சரி, நீ சொல்ற பக்கமே வைக்கிறேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

அங்கேதான் அவளுக்குக் குழம்பியது. கோடு கிடைக்க வேண்டுமா, கிடைக்கக் கூடாதா? தப்பான பக்கத்தைக் காட்டினால் குழாய்த் தண்ணீர். கை சொன்னதை மாற்றிச் சொல்ல மனசு வரவில்லை. "வலப்பக்கமே வை," என்றாள்.

வெடித்தது. புகை அடங்கியதும் போய்ப் பார்த்தார்கள். சுவரில் ஆள் நுழையுமளவு ஓட்டை. உள்ளே பாறை இல்லை, வெறும் இருட்டு. எர்மோகனெஸ் விளக்கை நீட்டினான். நீளமான குகை. சுவரெல்லாம் மெழுகுவர்த்திக் கரி. கூரையில் பச்சைத் தூசி. மூலையில் தாது சுமக்கும் தோல்பை ஒன்று மட்கிக் கிடந்தது. தூரத்தில், மலையின் மறுபக்க வாயில், என்றைக்கோ வந்த வெள்ளச் சேற்றால் அடைபட்டிருந்தது.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விளங்கியது. கோடு வலப்பக்கம்தான் போயிருந்தது. பழைய ஆட்கள் மறுபக்கமிருந்து வந்து அதை முதலிலேயே தின்று தீர்த்துவிட்டார்கள். வலப்பக்கம் காலியென்று தெரிந்துதான் இடப்பக்கம் வேறொன்றைத் தேடியிருக்கிறார்கள்.

"அவங்களும் முட்டாளில்ல, நீயும் முட்டாளில்ல," என்றான் எர்மோகனெஸ். "அப்போ யாருதான்டி முட்டாள்?"

யார் மேல் கோபப்படுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஊருக்குப் போகிறோமென்று சந்தோஷப்பட வேண்டியவளுக்கு அழுகை வந்தது.

"வாக்குன்னா வாக்குதான். லாரியில சாமானை ஏத்துறேன்," என்று அவன் திரும்பினான். சுரங்க வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தால் அவளைக் காணோம். விளக்கையும் காணோம். ஓட்டைக்குள்ளிருந்து சுத்தியல் சத்தம்.

"ஏய், என்னடி பண்ற?"

"கூரை விழாம இருக்க அங்கங்க பாறையை வெட்டாம தூணா விட்டிருக்காங்கய்யா. தூண்லகூடப் பச்சை தெரியுது," என்றாள் உள்ளேயிருந்து. "நாளைக்குப் போவோம்."