புதிதாய் வருபவர்களுக்குப் பழைய நீர்நாய் சொன்னது

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. கனடாவின் தண்டர் பே நகரத்தில் நானும் மார்னி ஹக்காலாவும் வேலை பார்க்கிற மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில், கூட்டமில்லாத ஒரு மத்தியானம் அவள் எனக்குச் சொன்னது. ஒரு வாடிக்கையாளரின் சட்டத்தில் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டே கேட்டேன். கதையில் ஓர் இடத்துக்கு அவள் வந்ததும் கண்ணாடி கையிலிருந்து நழுவி மேசைக்கடியில் போய்விட்டது. உடனே தேடி எடுக்கக்கூடத் தோன்றவில்லை.

"நீதான் கதை எழுதுறியே, இதை எழுதிக்கோ" என்றாள். "உன் பாஷையிலயே எழுது. அப்பத்தான் டேல் படிக்க மாட்டான். பேரை மட்டும் மாத்திடு."

மாற்றிவிட்டேன். தொடக்கம்தான் அமையவில்லை.

"பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு பிப்ரவரி..." (வேண்டாம். இந்த ஊரில் பிப்ரவரியில் பனி கொட்டாவிட்டால்தான் செய்தி.)

"மார்னி செத்துப்போன விஷயம் மார்னிக்கே..." (இல்லை, இது இப்போதே வரக்கூடாது. அடித்துவிட்டேன். படித்துவிட்டீர்களானால் மறந்துவிடுங்கள்.)

சரி, நேராகவே சொல்கிறேன்.

2

மார்னியின் கணவன் டேல், நகராட்சியின் பனி வாரும் வண்டி ஓட்டுபவன். தோள்பட்டையில் அறுவை நடந்து இந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டிலிருந்தான். வீட்டில் என்றால் நிலவறையில். அங்கே கணினி இருந்தது, கணினிக்குள் ஒரு விளையாட்டு இருந்தது. அதற்குத் தொலைவட்டம் என்று நானே பெயர் வைத்துக்கொள்கிறேன். உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் ஒரே வான்வெளியில் கப்பல் ஓட்டுவார்கள், சுரங்கம் தோண்டுவார்கள், ஒருவரையொருவர் கொள்ளையடிப்பார்கள். டேல் முன்பிருந்தே அதை ஆடுவான். தோள் போனபிறகு அதிலேயே குடியிருந்தான். சாப்பாட்டுக்கு மட்டும் மேலே வருவான். பேச்சு குறைந்துவிட்டது. "உப்புக் குடு", "தபால் வந்துச்சா", அவ்வளவுதான்.

மார்னி சண்டை போட்டுப் பார்த்தாள். பிறகு ஒரு யோசனை தோன்றியது. அவனுக்குத் தெரியாமல் தானும் அந்த ஆட்டத்தில் சேர்ந்து, நன்றாகக் கற்றுக்கொண்டு, ஒருநாள் அவன் முன்னால் போய் நின்று அசத்துவது. மாடிப் படுக்கையறையில் தன் மடிக்கணினியில் 'பொத்தான் டப்பா' என்று பெயர் கொடுத்துச் சேர்ந்தாள்.

முதல் கப்பல் துறைமுகத்தை விட்டு வெளியே வந்த உடனே வெடித்தது. இரண்டாவதை அவளே ஒரு பாறையில் கொண்டுபோய் மோதினாள். மூன்றாவதில் ஆசை ஆசையாய் இரும்புத்தாது நிரப்பிக்கொண்டு திரும்பும்போது யாரோ ஒருவன் வந்து சுட்டுவிட்டு, "நன்றி பாட்டி" என்று எழுதிவிட்டுப் போனான்.*

* நானும் சேர்ந்து பார்த்தேன், கதைக்காக. திரையில் விமானி அறையை விட அதிகமாகப் பொத்தான்கள். எதையோ அழுத்தினேன், என் கப்பலை நானே சுட்டுக்கொண்டேன். அதற்குமேல் எனக்கு அனுபவம் இல்லை.

அன்றைக்கு மார்னி புதியவர்களின் அரட்டையில் எழுதினாள்: "என்னால முடியல. எனக்கு மூளையே கிடையாது. நான் போறேன்."

உடனே பதில் வந்தது. எழுதியவர் பெயர் 'பழைய நீர்நாய்'.

"போங்க. போய் ஒரு தம்ளர் தண்ணி குடிச்சிட்டு வாங்க. செத்த சூட்டோட அடுத்த கப்பல்ல ஏறினா அதுவும் போயிடும்."

3

மற்ற பழைய ஆட்கள் புதியவர்களைக் கிண்டல் செய்வார்கள், இல்லாவிட்டால் புத்தகம் போல் நீளமாக எழுதி மண்டையைக் காயவைப்பார்கள். நீர்நாய் அப்படி இல்லை. கேட்டதற்கு மட்டும் பதில்.

"போனா அழுகை வர்ற கப்பல்ல ஏறாதீங்க. போனாப் போகுதுன்னு விடக்கூடிய கப்பல்ல மட்டும் ஏறுங்க."

"திரையில இருக்கிற எல்லாத்தையும் பார்க்காதீங்க. பக்கத்துல யாரு இருக்காங்கன்னு காட்டுற அந்த ஓரத்துப் பட்டியலை மட்டும் பாருங்க. தெரியாத பேரு வந்தா ஓடுங்க. ஓடுறது கேவலமில்ல."

"எல்லாத்தையும் கத்துக்க நினைக்கிறவங்கதான் சீக்கிரம் விட்டுட்டுப் போறாங்க. ஒரு வேலையைக் கத்துக்கிட்டாப் போதும். உங்களுக்கு எது பிடிக்குது?"

"எனக்கு ரிப்பேர் பண்றது பிடிச்சிருக்குங்க" என்று எழுதினாள் மார்னி.

 ஆங்கிலத்தில் இவர்கள் எழுதிக்கொண்டதில் 'நீ', 'நீங்க' வித்தியாசமே கிடையாது. தமிழில் எழுதுகிற நான்தான் இவளை 'நீங்க' போட வைக்கிறேன். இந்த மரியாதை பின்னால் எனக்கே தொண்டையில் சிக்கும்.

அவள் நீர்நாயின் குழுவில் சேர்ந்து, அடிபட்ட கப்பல்களைச் செப்பனிடுகிறவள் ஆனாள். குழுவிலிருந்த மற்றப் புதியவர்கள் "டப்பா வந்துட்டா, இனி பயமில்ல" என்று எழுதத் தொடங்கினார்கள். கடையில் அவள் விசில் அடித்துக்கொண்டு கண்ணாடி துடைப்பதை நானே பார்த்தேன்.

டேலிடம் ஒருநாள் சாடையாய்க் கேட்டாளாம், "நீ அதுல என்னதான் பண்றே?" "சண்டைதான். உனக்குப் புரியாது" என்றானாம். அங்கே அவன் என்ன பெயரில் ஆடுகிறான் என்று அவளுக்குத் தெரியாது; சண்டைக்காரர்களில் ஒருவனாகத்தான் அவனை அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

4

ஞாயிறு மத்தியானம். அடுப்பில் முட்டையும் பாலும் ஊற்றிய மக்ரோனி வெந்துகொண்டிருந்தது. மாடியில் மார்னி நீர்நாயிடம் கேட்டாள்: "உங்களுக்கு எப்படி இவ்வளவு பொறுமை?"

பதில் வந்தது.

"என் மனைவி போன குளிர்காலத்துல தவறிட்டா. ஏரியில ஐஸ் உடைஞ்சு வண்டியோட உள்ள போயிட்டா. அதுக்கப்புறம் யாரு எதைத் தொலைச்சாலும் எனக்குக் கோபம் வர்றதில்ல."

மார்னி வாயைப் பொத்திக்கொண்டாள். குளிர்காலத்தில் உறைந்த ஏரியின்மேல் வண்டி ஓட்டுகிற இந்த ஊர்க்காரிக்கு ஐஸ் உடைவது என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. எழுதினாள்: "ஐயோ. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. உங்க மனசு என்ன பாடு பட்டிருக்கும். அவங்க எப்படிப்பட்டவங்க?"

"பாட்டுல ஒரு வரிகூடச் சரியாத் தெரியாது, ஆனா சத்தமாப் பாடுவா. நான் காலையில கிளம்புறதுக்கு முன்னாடியே போய் என் வண்டியோட கண்ணாடியில இருக்கிற ஐஸைச் சுரண்டி வெச்சிடுவா. நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்ல."

மார்னிக்கு அழுகை வந்துவிட்டது. என்ன அருமையான பெண்! செத்த பிறகாவது இப்படிச் சொல்ல ஒரு ஆள். தானும்தான் சுரண்டி வைத்தாள், டேலுக்கு அது கண்ணில் பட்டிருக்குமா? "உங்க அன்பு அவங்களுக்குக் கட்டாயம் தெரிஞ்சிருக்கும்" என்று எழுதினாள்.

கீழே அடுப்பு மணி அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்து கத்தினாள்: "டேல்! சாப்பாடு ஆச்சு! மேல வா!"

விடைபெற்றுக்கொள்ளலாம் என்று திரைக்குத் திரும்பினாள். அங்கே எழுதியிருந்தது:

"இருங்க டப்பா, என் அக்கா சாப்பிடக் கூப்பிடறா. இப்பல்லாம் அவதான் எனக்குச் சமைச்சுப் போடறா."

நிலவறைப் படிகளில் காலடிச் சத்தம் ஏறி வந்தது.

5

(இந்த இடத்தில்தான் கண்ணாடி நழுவியது.)

நான் நம்பவில்லை. ஒரு எழுத்தாளர் இப்படி எழுதிக்கொண்டு வந்தால், எந்தப் பத்திரிகை ஆசிரியரும் பொருத்தம் ரொம்ப அதிகம் என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். மார்னியிடமே கேட்டேன்.

"அத்தனை லட்சம் பேர்ல உனக்கு உன் புருஷனா வந்து வாய்க்கணும்?"

"வாய்க்கல. நான்தான் தேடிப் போனேன். 'புதுசா வர்றவங்க வடக்குத் துறைமுகத்துல ஆரம்பிக்கணும், மத்த இடமெல்லாம் சுடுகாடு'ன்னு அவன் ஒருதடவை என் தம்பிகிட்டச் சொன்னதைக் கேட்டுத்தான் அங்க ஆரம்பிச்சேன். அவன் அங்கதான் உக்காந்திருந்தான்."

"கண்ணாடி சுரண்டுறதைச் சொன்னப்பக்கூடவா தோணல?"

"நீ ஒருத்தி! உன்னைப் பத்தி யாராவது நல்லதாச் சொன்னா, அது நீதான்னு உனக்கு உடனே தெரியுமா?"

மேசைக்கடியில் குனிந்து கண்ணாடியைத் தேடினேன்.

6

அவள் எப்படிப் படியிறங்கினாள் என்று அவளுக்கே நினைவில்லை. எதிரே டேல் மக்ரோனியை அள்ளிப்போட்டு அதன்மேல் தக்காளிச் சாஸை ஊற்றிக்கொண்டிருந்தான்.

"என்ன, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"ஒருத்தங்க செத்துட்டாங்க."

"யாரு?"

"உனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியாம இந்த ஊர்ல உனக்கு யாரு?" அவன் தின்றுகொண்டே இருந்தான்.

அவள் தட்டைத் தொடவில்லை. "உன் ஆட்டத்துல சண்டை மட்டும்தானா?"

"ஏன், புதுசா வர்றவங்களுக்குச் சொல்லித்தரவும் செய்வேன். ஒருத்தி வந்திருக்கா, பாவம். தன்னை முட்டாள்னு நினைச்சுக்கிட்டிருக்கா. எங்க எல்லாரையும் விட அவளுக்குக் கைவேலை சுத்தம்." சொல்லும்போது அவன் முகம் மலர்ந்திருந்தது. தோள் போனதிலிருந்து அந்த முகத்தை மார்னி பார்த்ததில்லை. தன்னைக் கொன்றுவிட்டான் என்பதைவிட, அந்த முகம் அவளை அதிகம் திகைக்க வைத்ததாம்.

அவன் கீழே போனான், அவள் மேலே போனாள். திரையில் நீர்நாய் "வந்துட்டேன்" என்று எழுதியிருந்தது. மார்னி எழுதினாள்:

"டேல், மக்ரோனியில உப்பு போதுமா இருந்துச்சா?"

கீழே நாற்காலி விழும் சத்தம் கேட்டது.

7

(இங்கே டேலை வில்லனாக்கிவிடலாமா என்று பார்த்தேன். பரிதாபம் காட்டி ஆள் சேர்க்கும் ஏமாற்றுக்காரன். எழுத எளிது. "டேல் கூசாமல் சிரித்துக்கொண்டே..." பேனா ஓடவில்லை. டேலை எனக்குத் தெரியும். ஒருதடவை என் வண்டி பனியில் புதைந்தபோது தள்ளிவிட்டவன், நன்றி சொல்வதற்குள் போய்விட்டவன். ஆகவே மார்னி சொன்னபடியே விடுகிறேன்.)

அவன் படியேறி வந்து கதவோரம் நின்றான். நல்ல கையால் கெட்ட தோளைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் கத்தினாள்.

"என்னை எதுக்குடா கொன்னே? உனக்கு நான் என்ன பண்ணினேன்? உட்கார்ந்து என் சாவுக்கு நானே துக்கம் விசாரிச்சேன்டா, பாவி! அழுதேன்!"

"நான் பொய் சொல்லல" என்றான் டேல்.

"என்னது?"

"போன வருஷம். நீ ஏரி ஐஸ் மேல இருக்கிற மீன் பிடிக்கிற குடிசைக்குப் போறேன்னு கிளம்பினே. ஏரியில ஒரு நீல வண்டி உள்ள போயிடுச்சுன்னு ரேடியோவுல சொன்னான். உன் வண்டி நீலம். போன் போட்டேன், அது சமையலறையிலயே அடிக்குது. நான் கரைக்குப் போனேன். யாரையும் கிட்ட விடல. பொழுது சாயுற வரைக்கும் நின்னேன். அந்த ஓட்டையைப் பார்த்துக்கிட்டே நின்னேன், மார்னி."

மார்னிக்கு அந்த நாள் நினைவு வந்தது. ஏரிக்குப் போகாமல் நிப்பிகன் என்ற ஊரில் சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது டேல் சமையலறையில் காலணியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். "லேட்டாயிடுச்சே" என்று மட்டும் சொன்னான். நீல வண்டி விஷயத்தை மறுநாள் அண்டை வீட்டார் சொல்ல, அவள் சிரித்தாள். "நல்லவேளை, நான் இல்ல!"

"நீ சிரிச்சே" என்றான் டேல். "அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? நீ வீட்டுக்கு வந்துட்டே. ஆனா அந்தக் கரையில நின்னவன் இன்னும் வரல. ஆட்டத்துல இருக்கிறவங்ககிட்டத்தான் சொல்ல முடிஞ்சுது. ஒருத்தன்கிட்டச் சொன்னேன், அவன் எல்லார்கிட்டயும் சொல்லிட்டான். அப்புறம் மாத்த முடியல."

மார்னி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். திட்டுவதற்கு இன்னும் நிறைய வைத்திருந்தாளாம்.

8

இத்தோடு முடிந்திருந்தால் நானும் முடித்திருப்பேன். அவர்கள் இப்போது பேசுகிறார்கள். சண்டையும் போடுகிறார்கள். "செத்தவ எழுந்து வந்து பாத்திரம் கழுவணுமா?" என்று மார்னி கேட்டால் டேல் எழுந்துபோய் ஒற்றைக் கையால் கழுவுகிறான்.

ஆனால் நீர்நாயின் குழுவுக்கு விஷயம் தெரியாது. நீர்நாயின் மனைவிக்கு நினைவுநாள் வருகிறது என்று அவர்களே ஓர் ஏற்பாடு செய்துவிட்டார்கள். சனிக்கிழமை மத்தியானம் எல்லோரும் வடக்குத் துறைமுகத்துக்கு வெளியே கப்பல்களை வரிசையாய் நிறுத்தி, எண்ண எண்ண ஒவ்வொருவராய் விளக்கை அணைப்பார்கள். எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் தூக்கத்தை விட்டு வருகிறார்கள். 'பொத்தான் டப்பா'வுக்கும் அழைப்பு வந்திருக்கிறது. "நீ கட்டாயம் வரணும், அவர் உன்கிட்டத்தான் மனசுவிட்டுப் பேசுவார்" என்று.

"உண்மையைச் சொன்னா என் முகத்துல துப்புவாங்க" என்கிறான் டேல்.

"துப்பட்டும்" என்கிறாள் மார்னி. அடுத்த மூச்சில், "அந்தப் பிள்ளைங்க மனசு உடைஞ்சிடுமே" என்கிறாள்.

நீயே ஒரு முடிவு சொல்லேன் என்று என்னைக் கேட்டாள். முயன்றேன். டேல் எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறான், குழு கலைந்துபோகிறது. (பாடம் நடத்துவது போலிருந்தது.) மார்னியே எழுதுகிறாள், 'நான்தான் அந்த மனைவி', யாரும் நம்பவில்லை, துக்க வீட்டில் வேடிக்கையா என்று அவளை விரட்டிவிடுகிறார்கள். (இது நடக்கக்கூடியது, அதனால்தான் பயமாக இருந்தது, கிழித்துவிட்டேன்.)

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கப்பல்கள் வந்துவிட்டன. டேல் நிலவறையிலிருந்து தன் பழைய கணினியை நல்ல கையாலேயே மாடிக்குத் தூக்கி வந்து, கட்டிலில் அவள் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருக்கிறான். யாரோ எண்ணத் தொடங்குகிறார்கள். ஒவ்வொன்றாய் விளக்குகள் அணைகின்றன. டேலுடையதும் அணைகிறது. இப்போது அந்த இருட்டில் எரிவது ஒரே ஒரு விளக்கு. எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள். டேல் திரையைப் பார்க்காமல் அவளைப் பார்க்கிறான்.

தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவது இன்றைக்கு எனக்கு வசதியாய்ப் போயிற்று. அதுவரை எழுதித் தருகிறேன், அந்த வினையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

மார்னி விரலைப் பொத்தான்மேல் வைத்து, தன் கப்பலின் விளக்கை