ஆள் சேர்க்கும் பொத்தான்

அந்தப் பொத்தானை வைக்காமலே இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருந்தாலும் கை சும்மா இருக்காது.

மீனவர் சங்கத்துக்குச் செயலி செய்து கொடுத்தபோது ஒரு படகுக்கு ஐந்து வரிசைதான் வைத்தேன். கடலுக்குப் போகிறவர்களின் பெயரை அதில் போட்டால்தான் அனுமதி டோக்கன் கிடைக்கும். ஆறு பேர் போகிற படகுக்காரர்கள் சண்டைக்கு வந்ததும், அட்டவணைக்குக் கீழே ஒரு கூட்டல் குறி வைத்தேன். தொட்டால் புது வரிசை வரும். எத்தனை பேரையும் சேர்க்கலாம். சேர்த்ததை நீக்க மட்டும் முடியாது. அந்த ஆள் கரைக்கு வந்து சங்கத்து மிஷினில் விரலை வைத்தால்தான் வரிசை சிவப்பிலிருந்து பச்சையாகும். மறுநாள் பகல் பன்னிரண்டு மணி வரை சிவப்பாகவே இருந்தால் மீட்புப் படகுக்குத் தானாகத் தகவல் போய்விடும்.

நீக்க வழி வைக்காததற்குக் காரணம் உண்டு. நோட்டில் எழுதிய காலத்தில், ஒருவன் கடலில் விழுந்ததும் தாளையே கிழித்துவிட்டு, "அவன் எங்க படகுல வரவே இல்ல" என்று சாதித்த முதலாளி இங்கே இருந்தார்.

ஒரு நாள் காலையில், கரை வந்த கையோடு செபஸ்தியான் மாமா வீட்டுக்கு வந்தார். அம்மாவுடன் பிறந்தவர்.

"ஏலே ஜோஸ்வின், ஒரு ஆளு இன்னும் கரைக்கு வரலைன்னு காட்டுதுலே. அடுத்த டோக்கன் கிடையாதாம்."

போனை வாங்கிப் பார்த்தேன். ஐந்து வரிசை பச்சை. ஆறாவது சிவப்பு. பெயர்: அந்தோணியார். வயது: நூறு.

"மாமா, இது யாரு?"

"கேக்குறதப் பாரு. அவரு இல்லாம எவன்டா படகைத் தள்ளுவான்? எத்தனை பேர வேணும்னாலும் சேத்துக்கன்னு நீதான சொன்ன?"

"அவரு வந்து விரல வைக்கணும் மாமா."

"அவரு எங்கிட்டுலே வருவாரு? நீயே ஏதாச்சும் பாத்துப் பண்ணு."

சிரிக்கக்கூடத் தெம்பில்லை. எழுத்து தெரியவில்லை, கீபோர்டு மறைக்கிறது, பொத்தான் அழுந்தவில்லை என்று முந்தின நாள் மட்டும் முப்பத்தேழு அழைப்புகள். முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மாமாவோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டும். கணினியைத் திறந்து, உள்ளே புகுந்து, அந்த வரிசையை அழித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மாமாவோடு நாகநாதன் அண்ணனும் வந்திருந்தார். மூன்று படகுக்குச் சொந்தக்காரர். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அழிக்கலாம்னு சொல்லு."

"சாமிக்கு மட்டும்ணே," என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன், புத்தி கெட்டவன்.

ஒன்பது நாள் கழித்து, காலை பதினொன்று இருபதுக்கு நாகநாதன் அண்ணனே போனில் கூப்பிட்டார்.

"தம்பி, ஒரு சின்ன ஒத்தாசை. நம்ம படகுல ஒரு பேரு கூடுதலாச் சேந்துருச்சு. மாரிச்செல்வம்னு. டிரைவர் தெரியாமக் கைபட்டுச் சேத்துட்டான். எடுத்து விட்ரு."

திரையில் பார்த்தேன். மாரிச்செல்வம், இருபத்து மூன்று வயது, உத்தரகோசமங்கைப் பக்கம். மனைவி பெயர் முருகலட்சுமி, அவள் போன் நம்பர். கைபட்டு இவ்வளவு ஏறாது.

"ஆளு எங்கண்ணே?"



"விடியக்காலம் தவறி விழுந்துட்டான். கடலுக்குப் புதுசு. மீனவர் அட்டைகூட இல்லாத பய. நாங்களே தேடிக்கிறோம், நீ பெருசாக்காத. வெளிய தெரிஞ்சா மூணு படகையும் கட்டிப் போட்ருவாங்க. எனக்கும் புள்ளகுட்டி இருக்குப்பா."

"நீஞ்சத் தெரியுமா அவனுக்கு?"

"அத எங்கிட்ட ஏன் கேக்குற? உங்க மாமனுக்கு ஒரு நிமிசத்துல செஞ்சு குடுத்தேல்ல. இவனையும் அந்தோணியாருன்னு நினைச்சுக்க."

அடப்பாவி மனுசா! ஆனால் கத்தினால் போனை வைத்துவிடுவார்.

"சரிண்ணே, அழிச்சுர்றேன். எந்த எடத்துல விழுந்தான்? அந்தப் பதிவையும் சேத்து எடுக்கணும்." பொய்தான். அப்படி ஒரு பதிவே கிடையாது.

நம்பிவிட்டார். ஜிபிஎஸ் எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். எழுதிக்கொண்டு, பன்னிரண்டு மணி வரை காத்திருக்காமல் மீட்புப் படகுக்காரர்களைக் கூப்பிட்டேன். பெயர், வயது, இடம் எல்லாம் சொன்னேன்.

"எப்ப விழுந்தாரு?"

"விடியக்காலம் சார்."

"ஆறு மணி நேரம் ஆச்சேய்யா! இவ்வளவு நேரம் என்ன பண்ணுனீங்க?"

அழித்துக் கொடுக்க ஓர் ஆள் இருக்கிறான் என்ற தைரியத்தில்தான் நாகநாதன் விடிந்ததிலிருந்து வாயைத் திறக்கவில்லை. அந்த ஆள் நான்தான். இதை மீட்புப் படகுக்காரரிடம் எப்படிச் சொல்வது?

"சீக்கிரம் கிளம்புங்க சார்," என்று மட்டும் சொன்னேன்.